விழுந்துதான் சாவான்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தியானத்தில் உதிக்கவில்லை. பேட்டை தாண்டி முக்கூடல் போகும் வழியில் ஒரு பேருந்து நின்றுபோனபோது, நட்ட நடு வெயிலில், எரிச்சலில் கிடைத்தது.

ஓட்டுநர் இறங்கி டயரை ஓர் உதை உதைத்தார். பிறகு பணிமனைக்காரர்களின் வம்சத்தை விசாரிக்க ஆரம்பித்தார். "ஒரு மாசமாக் கத்துதேன், சத்தம் சரியில்லே சரியில்லேன்னு. கேக்கானுவளா?" பக்கத்து இருக்கைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "இது என்ன பிரமாதம்வே. வெள்ளக்காரன் காலத்துல ஒரு ஏரோப்ளேனையே இப்படிக் கவனிக்காம ஓட்டி, எங்க ஊரு வயல்ல கொண்டு எறக்கிப்புட்டான்" என்றார். யார், எப்போது, எந்த வயல் என்று நான் கேட்பதற்குள் ஒரு லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. ஆதாரம் எதுவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. தேடிப் போனால் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு இந்த நாலு பேரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மேலிருந்து பார்க்கையில் தாமிரபரணி ஒரு வெள்ளி ஒட்டியாணம் போல..." இதற்கு மேல் கை ஓடவில்லை. 1913இல் துணியாலும் கட்டையாலும் செய்த ஒரு பொறியில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறவனுக்கு ஒட்டியாணமா நினைவுக்கு வரும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஆகாய விமானம் கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தாண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், ஊர் ஊராகச் சென்று பறந்து காட்டிப் பிழைத்த வெள்ளைக்காரர்கள் சிலர் இருந்தனர்." பாடப்புத்தக வாடை. ஆனாலும் இந்தச் செய்தி உங்களுக்கு வேண்டும் என்பதால் அடிக்காமல் வைத்திருக்கிறேன். அப்படி ஒருவன்தான் என் கார்வி துரை. கொழும்பிலிருந்து வந்தவன். விமானமும் அவனுடையது, கடனும் அவனுடையது, அவசரமும் அவனுடையது.

மூன்றாவது ஒரு பெண்ணின் குரல்: "ஏ, யாரைக் கேட்டு இங்கன எறக்குனீரு?" இதுதான் நல்ல தொடக்கம். ஆனால் ஆவுடைத்தாயை இப்போதே பேசவிட்டால் கதையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். விமானம் அவள் வயலுக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது. கொஞ்சம் பொறு அம்மா.

ஆகவே நாலாவதாக, சுற்றி வளைக்காமல்:

3

சிவசண்முகத்துக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி.

திருநெல்வேலி டவுன்காரன். முப்பது வயது. காலேஜில் எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கில் மட்டும் தவறியவன். ஆனால் இங்கிலீஷ் அவன் நாக்கில் தடங்கல் இல்லாமல் வரும். அந்த நாக்கை நம்பித்தான் கார்வி துரை அவனைத் துபாஷியாக வைத்துக்கொண்டு திண்டுக்கல், மதுரை என்று சுற்றிவிட்டுத் திருநெல்வேலிக்கு வந்திருந்தான். துரை சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதைத் துரைக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் சிவசண்முகம் வேலைக்குச் சேர்ந்தான். உண்மையில் பகல் முழுவதும் அவன் செய்தது வேறு. துரைக்கும் எஞ்சினைக் கவனிக்கும் பிட்டர் வியாகுலத்துக்கும் நடுவே நின்று, இருவரும் வீசிக்கொள்ளும் வசவுகளைத் துணியில் சுற்றிக் கைமாற்றிக்கொண்டிருந்தான்.

வியாகுலம் உவரிக்காரர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் நீராவிக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வெந்தவர். வயது ஐம்பதுக்கு மேல். சாயங்காலம் ஆனால் கள் வேண்டும், விடிந்தால் சண்டை வேண்டும். திண்டுக்கல்லில், "சக்கரம் கழண்டு போகும்" என்று கூச்சல் போட்டுப் பறப்பையே நிறுத்தினார். சக்கரம் கழலவில்லை. மதுரையில், "கம்பி அறும்" என்றார். அறவில்லை. துரைக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கை திண்டுக்கல்லில் பாதியும் மதுரையில் மீதியும் போய்விட்டது. சிவசண்முகத்துக்கும் அப்படித்தான்.

[கவனியுங்கள். இவரை எல்லாம் தெரிந்த ஏழைத் தொழிலாளியாக ஆக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அப்படி ஆக்கினால் கதை சுலபம். ஆனால் எல்லாம் தெரிந்தவர் எச்சரித்துக் கேட்காமல் போனால் கேட்காதவன் முட்டாள், அவ்வளவுதான். ஓயாமல் தப்பாக எச்சரிக்கிற ஒருவர் ஒரு நாள் சரியாக எச்சரித்தால்? அந்த இடத்தில்தான் எனக்கு வேலை.]

விமானம் பாளையங்கோட்டை மைதானத்தில் நின்றது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தட்டுச் சிறகு. முன்னால் துரைக்கு ஓர் ஆசனம். அதன் முதுகில் ஒட்டினாற்போல் இன்னொன்று. அதற்கும் பின்னால் எஞ்சின். ஓடும்போது எஞ்சின் முழுவதுமே சுழலும். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய்.* எண்ணெய் எரிந்து உள்ளே கரியாகப் பிடிக்கும். சில தடவை பறந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கரியைச் சுரண்டிப் பூட்ட வேண்டும். கொழும்பில் பூட்டியதுதான். அதற்கப்புறம் பிரிக்கவில்லை.

(* நம்புங்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் ஒரு வகைக்கு மசகு அதுதான். புகையைச் சுவாசித்தவர்களுக்கு வயிறு போகும் என்று படித்தேன். இதை எங்காவது சிரிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். இடம் அமையவில்லை. எரிச்சலோடு இங்கே இறக்கி வைக்கிறேன்.)

அன்றைய ஏற்பாடு இது: ஆற்றோடு ஒட்டியே மேற்கே பறந்து அம்பாசமுத்திரத்தில் இறங்குவது. மறுநாள் அங்கே வேடிக்கை. சாமான்களோடு வியாகுலம் ரயிலில் வருவார். துரையோடு ஆகாயத்தில் வருவதாக வாக்குக் கொடுத்திருந்த ஒரு மிராசுதார் காலையில் காய்ச்சல் என்று ஆளனுப்பிவிட்டார். "நீ ஏறு," என்றான் துரை சிவசண்முகத்திடம். "இறங்கும் இடத்தில் கூட்டத்தை விலகச் சொல்ல எனக்கு ஒரு வாய் வேண்டும்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையே நின்றது. அப்போதுதான் வியாகுலம் ஸ்பானரும் கையுமாகக் குறுக்கே வந்தார்.

"பிள்ளைவாள், தொரைட்ட சொல்லும். இஞ்சினைப் பிரிக்கணும். ரெண்டு நாளு வேணும். நேத்தே இருமிச்சு, நீரும் கேட்டீருல்லா?"

சிவசண்முகம் சொன்னான். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அந்தச் சோம்பேறிக்கு ரயிலைப் பிடிக்கச் சொல்."

"ரயிலுக்கு நேரமாச்சாம், கெளம்பச் சொல்லுதாரு," என்றான் சிவசண்முகம்.

"என்னவே, நான் ஒண்ணு கேட்டா நீரு ஒண்ணு சொல்லுதீரு? அவன் என்னை வஞ்சான். வஞ்சானா இல்லியா?"

"இல்லைவே."

"எனக்குக் கண்ணு இல்லியா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" வியாகுலம் ஸ்பானரைத் தலைக்கு மேல் தூக்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. "அந்தோணியார் மேல ஆணை. இதுல ஏறினான்னா விழுந்துதான் சாவான்! சொல்லும்வே! அப்படியே சொல்லும்!"

கயிற்றுப் பக்கம் சத்தம் அடங்கியது. எல்லார் காதிலும் விழுந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் சங்கிலிபூதத்தான் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்கிறான்?" என்றான் துரை.

சிவசண்முகத்துக்கு மண்டைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். ஒரு மாதமாக இதே வெயில், இதே இரண்டு பேர். 'அப்படியே சொல்' என்கிறார் ஒருவர். சொன்னால் இன்னொருவன் பதிலுக்கு ஒன்று சொல்வான். அதையும் சொல்ல வேண்டும். பிறகு அதற்குப் பதில்.

"ஒன்றுமில்லை," என்றான் இங்கிலீஷில். "வழக்கமான பாட்டுத்தான்."

4

இந்த இடத்தில் நான் அவனோடு பல நாள் மல்லுக்கட்டினேன்.

ஒரு பிரதியில் அவனுக்குப் பறக்க ஆசை. எங்கே வாய்ப்புப் போய்விடுமோ என்று வாக்கியத்தை விழுங்கினான். இன்னொரு பிரதியில் துரைக்குப் பயந்தான். வேறொன்றில் வியாகுலத்தின் மேல் ஒரு பழைய பகை வைத்தேன். உவரியிலும் டவுனிலுமாக அதற்கு ஒரு முன்கதையே எழுதி, [அப்போது சிவசண்முகத்தின் தகப்பனார் மீன் வண்டி ஒன்றை...] கிழித்துப் போட்டேன். எல்லாமே காரியத்துக்கு மீறிய பெரிய காரணங்கள். அவனுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அலுப்பில் மனிதர்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்துவிடுகிறார்கள் என்பதை நம்புவதற்கு எனக்கே நாளாயிற்று. உங்களுக்கும் ஆகலாம். அதற்குள் அவன் ஏறிவிட்டான்.

5

மேலே போனபோது அவன் என்ன நினைத்தான்?

[அவன் கடவுளை நினைத்தான்.]
[அவன் எதையும் நினைக்கவில்லை.]
[நெல்லையப்பர் கோபுரத்தைத் தனக்குக் கீழே கண்ட முதல்...]

மூன்றும் பொய். செருப்பை நினைத்தான். கால் அந்தரத்தில் தொங்கியது. செருப்பு கழன்று யார் தலையிலாவது விழுமோ என்று விரல்களை இறுக்கிக்கொண்டே டவுனைத் தாண்டினான். பேட்டையைத் தாண்டிய பிறகுதான் தலை நிமிர்த்திப் பார்த்தான். ஆறு தெரிந்தது. இரண்டு கரையிலும் பிசானப் பருவத்து நெல் பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. வாய்க்கால்களில் வெயில் அடித்தது. ஒரு மாட்டு வண்டி நின்று, வண்டிக்காரன் கீழே குதித்து ஓடுவது தெரிந்தது. தலைவலி போய்விட்டதை அப்போதுதான் கவனித்தான். சிரித்தான். ஒரு மாதமாக அவன் வாய்க்கு ஓய்வே இல்லை. இங்கே எஞ்சின் போடும் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இன்னும் ஒரு பக்கம் அதிலேயே இருக்கலாம். ஆனால் எஞ்சின் இருமியது.

ஒரு தரம் இருமி, ஓடி, மறுபடி இருமியது. முதுகுக்குப் பின்னால் எதுவோ டங்கென்று முறிந்தது. துரை திரும்பிப் பார்த்தான். கருகிய எண்ணெய் நாற்றம் காற்றையும் மீறி மூக்கில் ஏறியது. ஆசனம் கிடுகிடுவென்று ஆடியது. பிறகு எல்லாம் நின்று, சிறகுக் கம்பிகளில் காற்று சீட்டியடிப்பது மட்டும் கேட்டது.

வியாகுலம் சாவான் என்று சொன்னது துரையை. கூட உட்கார்ந்திருப்பவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று சிவசண்முகம் ஒரு கணம் நினைத்தான். இந்த நினைப்பை அடிக்கலாமா என்று யோசித்தேன். அவமானமான நினைப்புத்தான். அந்த நேரத்தில் அப்படித்தான் வரும். இருக்கட்டும்.

துரை கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. மூக்கைக் கீழே தாழ்த்தி, ஆற்றைப் பார்த்தான். பாறை. கரையைப் பார்த்தான். பனை. அதற்கப்பால் பாய் விரித்தாற்போல் ஒரு சமதரை தெரிந்தது. அவன் ஊர்ப் புல்வெளி மாதிரி இருந்தது அவனுக்கு. சந்தோஷமாக அதன் பக்கம் திருப்பினான்.

"அது வயல்!" என்று சிவசண்முகம் கத்தினான். "கீழே சேறு! சேறு!" இந்தத் தடவை இங்கிலீஷில், உள்ளதை உள்ளபடியே கத்தினான். காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று.

சக்கரம் கதிரைத் தொட்டது. கொஞ்ச தூரம் நெல்லைச் சீவிக்கொண்டே ஓடியது. பிறகு சேற்றில் புதைய, வால் மேலே எழும்ப, சிவசண்முகம் துரையின் தலைக்கு மேலாகப் பறந்துபோய் விழுந்தான்.

6

"ஏ, யாரைக் கேட்டு இங்கன எறக்குனீரு?"

[இப்போது பேசு அம்மா.]

ஆவுடைத்தாய் புருஷன் போன பிறகு வயலைக் குத்தகைக்கு விடாமல் தானே நின்று பயிர் வைக்கிறவள். நாற்பது வயது இருக்கும். கிளி விரட்ட வரப்பில் நின்றவள், வானத்திலிருந்து இது வருவதைப் பார்த்து மற்றவர்கள் ஓடிய திசைக்கு எதிர்த் திசையில், தன் வயலை நோக்கி ஓடி வந்தாள்.

சிவசண்முகம் சேற்றில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. "அவரு சொன்னாரு. நான்தான் சொல்லலே. நான்தான் சொல்லலே."

"யாரு சொன்னா? என்ன சொல்லலே? மொதல்ல கதிரை விட்டு எந்திரியும் தம்பி. உம்ம முதுகுக்குக் கீழ என் நெல்லு கெடக்கு."

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எலும்பு ஒன்றும் போகவில்லை என்று தட்டிப் பார்த்தாள். துரை கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு முனகினான். அவனை இரண்டு பேருமாக வெளியே இழுத்தார்கள். வலது தோள் சரிந்து தொங்கியது. ஆவுடைத்தாய் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். கட்டும்போதே திட்டினாள். "எம்புட்டு எடம் கெடக்கு ஆத்துல. மணலு கெடக்கு, பொட்டல் கெடக்கு. கதிரு முத்துன வயலுதான் கெடைச்சுதா? சொல்லும் தம்பி, அவருட்ட கேளும்."

"அவருக்குப் புல்லுன்னு நெனப்பு, அக்கா."

"புல்லா!" அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் திருநெல்வேலிக்காரராக இருந்தால் காதில் கேட்டிருக்கும்.

சற்று நேரத்தில் முக்கூடல் ஊரே திரண்டு வந்தது. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் வந்தன. சிறகைத் தொட்டுப் பார்க்க வயலுக்குள் இறங்கினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வரப்பில் பனங்கிழங்கு விற்பவள் கடை போட்டாள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். ஆவுடைத்தாய் ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் இறங்கினார்கள்.

"விழுந்தது ஒண்ணு. மிதிச்சது ஊரு," என்று மண்டையில் அடித்துக்கொண்டாள். "ஏ தம்பி, கூட்டத்தை வெலகச் சொல்லத்தான் உம்மைக் கூட்டியாந்ததாச் சொன்னீரு. சொல்லுமே!"

சிவசண்முகம் சொன்னான். தொண்டை வறளச் சொன்னான். யார் கேட்டார்கள்?

7

மறுநாள் காலை பாளையங்கோட்டையிலிருந்து குதிரையில் ஒரு போலீஸ் துரை வந்தான். உதவி சூப்பிரண்டு. சீமையிலிருந்து வந்து வருஷம் திரும்பாத இளைஞன். தமிழில் 'வா', 'போ' மட்டும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மணியாச்சி ரயில் நிலையத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்த ஜில்லாவில் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கால் தடுக்கினால்கூடத் தடுக்கிய கல்லைக் கைது செய்கிற காலம் அது.

வியாகுலத்தைச் சங்கிலிபூதத்தான் வரப்பின் மேல் பிடித்து வைத்திருந்தான். அம்பாசமுத்திரத்தில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, செய்தி கேட்டு, விடிவதற்குள் வண்டி பிடித்து வந்து, ஆற்றைக் கடந்து ஓடி வந்தவர். வந்ததும் கையைக் கட்டிவிட்டார்கள். வயலோரம் போட்ட கட்டிலில் சாய்ந்திருந்த கார்வி, வலியிலும் ஆத்திரத்திலும், "எஞ்சினைக் கவனித்தவன் அவன். அவனையே கேளுங்கள்," என்று மட்டும் சொல்லியிருந்தான்.

விசாரணை வயலிலேயே நடந்தது. மொழிபெயர்க்கச் சிவசண்முகத்தை அழைத்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

சங்கிலிபூதத்தான் விறைப்பாக நின்றான். "நான் கயித்துப் பக்கத்துல காவலுக்கு நின்னேன் எசமான். இந்த ஆளு ஸ்பானரை ஓங்கிக்கிட்டு, தொரை விழுந்துதான் சாவான்னு கத்துனான். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

சிவசண்முகம் இங்கிலீஷில் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. மொத்தத்தில் அது ஒரு கொலை மிரட்டலாக இருந்தது. போலீஸ் துரையின் முகம் இறுகியது. விலங்கு கொண்டுவரச் சொன்னான்.

"மாதாவே!" என்று வியாகுலம் அலறினார். நேற்றைய ஆங்காரம் முகத்தில் இல்லை. "நான் மெரட்டலே. ஏறாதேன்னுதான் சொன்னேன். இஞ்சினைப் பிரிக்காம ஏறினா விழுவான்னு சொன்னேன். பிள்ளைவாள்ட்டதான் சொன்னேன். பிள்ளைவாள், சொல்லும்! உம்மட்ட சொன்னேனா இல்லியா? எனக்கு உவரியில நாலு பொம்பளப் பிள்ளைய. சொல்லும்வே!"

போலீஸ் துரை சிவசண்முகத்தைப் பார்த்தான்.

சிவசண்முகம் பேசவில்லை.

இங்கேதான் எனக்குப் பேனாவைத் தூக்கி எறியலாம் போல வந்தது. இவ்வளவு தூரம் இழுத்து வந்து நிறுத்தினால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். சரி, அவன் சார்பில் நான் யோசித்தேன்.

முடிவு, முதல் பிரதி: அவன் கடைசிவரை பேசவில்லை. வியாகுலம் ஜெயிலுக்குப் போனார். [ஜெயில் வாசலில் பிலோமினா என்ற அவருடைய மூத்த மகள்...] எழுதி முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதையில் வருகிற ஒரு குடிகாரருக்காக இப்படியா என்று வீட்டில் கேட்டார்கள்.

முடிவு, இரண்டாம் பிரதி: சிவசண்முகம் நெஞ்சை நிமிர்த்தி, "குற்றவாளி நான்!" என்று முழங்கினான். கூட்டம் கண்ணீர் விட்டது. படித்துப் பார்த்தேன். நாடக மேடையில் அட்டை மரம் ஆடுகிற சத்தம் கேட்டது. இவன் நெஞ்சை நிமிர்த்துகிற ஆள் இல்லை.

இரண்டையும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஆவுடைத்தாய் பேசினாள்.

"என்ன தம்பி கொழுக்கட்டையா வாயில? சேத்துல கெடந்து நீரு பொலம்புனது எனக்குக் கேக்கலியா? 'அவரு சொன்னாரு, நான்தான் சொல்லலே'ன்னு. அதைத்தானே இவரும் சொல்லுதாரு. அதை இங்கிலீசுல அந்தத் தொரைட்ட சொல்லிட்டு, எல்லாரும் என் வயலை விட்டு ஏறுங்க. ஒரு மனுசனைக் கட்டி வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பீய?"

கூட்டம் சிவசண்முகத்தைப் பார்த்தது. கான்ஸ்டபிளும் பார்த்தான்.

அவனுக்கு இங்கிலீஷ் துண்டு துண்டாகத்தான் வந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று இவர் சொன்னார். இரண்டு நாள் கேட்டார். இருமுகிறது என்றார். அதை மட்டும் துரையிடம் சொன்னேன். துரை ரயிலைப் பிடிக்கச் சொன்னார். பிறகு இவர், ஏறினால் விழுந்துதான் சாவான், அப்படியே சொல் என்றார். "அதைச் சொல்லும்படிக் கேட்டது என்னிடம். நான், வழக்கமான பாட்டு என்று சொன்னேன்."

"ஏன்?" என்றான் போலீஸ் துரை.

சிவசண்முகம் நல்ல சொல்லாகத் தேடினான். கிடைக்கவில்லை. "எரிச்சலாக இருந்தது, ஐயா."

"எரிச்சலா?"

"ஒரு மாதமாக இருவருக்கும் நடுவே நின்றேன். தலை வலித்தது. அவர் எப்போதும் இப்படித்தான் கத்துவார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்." வியாகுலத்தின் கையைக் காட்டி, "அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள், ஐயா. அவர் மிரட்டவில்லை," என்றான்.

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கார்வி தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடியே சிரித்தான். பிறகு தாழ்ந்த குரலில், சிவசண்முகத்துக்கும் போலீஸ் துரைக்கும் மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"மதுரையிலேயே அவன் கம்பியோடு எஞ்சினையும் காட்டி, கையால் கழுத்தை அறுப்பது போல் செய்து காட்டினான். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் துபாஷி வேண்டுமா? பிரித்தால் அம்பாசமுத்திரம் வேடிக்கை தவறிப்போகும், அதனால் பிரிக்கவில்லை. நீங்கள் அப்படியே சொல்லியிருந்தாலும் நான் ஏறியிருப்பேன், மிஸ்டர் பிள்ளை."

போலீஸ் துரை கார்வியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். சங்கிலிபூதத்தானிடம் கையைக் காட்டி, கட்டை அவிழ்க்கச் சொன்னான். குதிரையை நோக்கி நடந்தான்.

8

ஆக, வியாகுலம் தப்பினார். அதில் எனக்கு நிம்மதி. அந்த விமானத்தைப் பிற்பாடு மாடு கட்டி இழுத்துக் கரையேற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். கார்வி கப்பலேறிப் போனான், அவனைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை.

கதையில் மிச்சம் இருப்பது மூன்று பேர்.

வியாகுலம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து சிவசண்முகத்தின் முன்னால் நின்றார். அடிப்பார் என்றுதான் சிவசண்முகம் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவர் அடிக்கவில்லை.

"ஒரு வார்த்தைவே," என்றார். "ஒரு வார்த்தை நீரு அவருட்ட சொல்லியிருந்தா அவரு ஏறியிருக்க மாட்டாரு. அவரு தோளும் போயிருக்காது. இந்த அம்மா வயலும் இப்படி நாசமாயிருக்காது. நானும் கட்டுப்பட்டு நின்னிருக்க மாட்டேன். என்ன இருந்தாலும் தொரை நல்ல மனுசன்தான். காதுல விழுந்திருந்தாக் கேட்டிருப்பாரு."

"நல்லாக் கேளும்," என்றாள் ஆவுடைத்தாய். கூட்டத்தில் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். வயலைக் கெடுத்தவன் யார் என்று ஊருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

சிவசண்முகம் தலை குனிந்து நின்றான்.

"அது கெடக்கட்டும்," என்று வியாகுலம் மூக்கைத் துடைத்தார். "நீரு சொல்லி முடிச்சதும் கட்டில்ல கெடந்து எதுக்குச் சிரிச்சாரு அவரு? பைய ஏதோ சொன்னாரே. என்னைப் பத்தியா?"

இத்தோடு நான் எழுதுவதை நிறுத்துகிறேன். சலித்துப்போய் நிறுத்தவில்லை. இந்த இடத்துக்கு மேல் எழுதிய இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்து, எது சரி என்று தெரியாமல் நிறுத்துகிறேன். துரை சொன்னதைத் தமிழில் சொன்னால், சிவசண்முகம் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது போல ஆகும். போதாததற்கு, துரை நல்ல மனுசன் என்று நம்பி ஒரு மாதம் அவன் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிய மனிதரிடம், உம் உயிரும் உம் பேச்சும் அவனுக்குத் தூசு என்று சொன்னதாகவும் ஆகும். சொல்லாவிட்டால், மறுபடியும் ஒரு வாக்கியத்தை விழுங்கியவன் ஆவான். இனி அதைச் செய்யமாட்டேன் என்று இப்போதுதான் ஊர் முன்னால் சொல்லாமல் சொல்லியிருக்கிறான்.

துரை சொன்னதை நீங்கள் படித்துவிட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். வியாகுலம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நீங்களே சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் இருங்கள். ஆனால் சீக்கிரம். சாய்ந்த கதிரையாவது காப்பாற்ற ஆவுடைத்தாய் அறுப்புக்கு ஆள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அரிவாளோடு வரப்பில் வந்து நிற்கிறார்கள். இனி யாருக்காகவும் அவள் பொறுக்கமாட்டாள்.